ஜன்னல் வெளிச்சத்தில் முகம் – ஆன்லைன் வகுப்பில் நான் கற்ற பாடம்



போன இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி மண்புழு உரம் பற்றி அழகாக எழுதியிருந்தான். இந்த மாதம் அறிவியல் பக்கம் என் முறை. மிஸ் என்னைக் கூப்பிட்டு, "ஒளி பத்தி எழுதும்மா" என்றார்கள். ஒளி எதிரொளிப்பு, ஒளிவிலகல், குழி ஆடி, குவி ஆடி எல்லாம் நம் புத்தகத்திலேயே இருக்கிறது. அதையே பார்த்து எழுதினால் நீங்கள் சார்ட்டைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கோடை விடுமுறையில் நான் செல்போனில் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை எழுதுகிறேன். பிளாஷ், லைட் எதுவும் இல்லாமல், சூரிய வெளிச்சத்தை மட்டும் வைத்து ஒருவர் முகத்தைப் போட்டோ எடுப்பது எப்படி என்ற பாடம்.

முதலில் எனக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன வருஷக் கடைசியில் நம் வகுப்புக்குக் குரூப் போட்டோ எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மதியம் 12 மணி. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த காம்பவுண்டு சுவர் முன்னால் நிற்க வைத்தார்கள். போட்டோ வந்ததும் எல்லோரும் ஓடிப் போய்ப் பார்த்தோம். கடைசி வரிசையில் நின்ற எங்கள் மூன்று பேருக்கு மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. பல்லு மட்டும்தான் இருந்தது. பையன்கள் "அந்தப் பக்கம் மட்டும் கரண்டு கட்டா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குப் போய் அந்தப் போட்டோவை டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். கறுப்பாகப் பிறந்தால் போட்டோவில் இப்படித்தான் வரும் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு தப்பு என்று எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆனது.

கோயம்புத்தூரில் பிரிண்டிங் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் எங்கள் பெரியம்மா மகன் அண்ணன், இந்த ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டியிருந்தார். நாலு வாரம், சனி ஞாயிறு காலை 10 மணி, மொத்தம் எட்டு வகுப்பு. அவருக்கு ஷிப்டு மாறிவிட்டது. "கட்டுன காசு வீணாப் போகுது, நீ உட்காரு தங்கச்சி" என்று எனக்குக் கொடுத்துவிட்டார். போன் அம்மாவுடையது. ஒரு மூலையில் கண்ணாடி விரிசல். எங்கள் ஓட்டு வீட்டுக்குள் டவர் கிடைக்காது என்பதால் பக்கத்து வீட்டு அத்தை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துதான் எட்டு வகுப்பும் கேட்டேன். டேட்டா தீரக் கூடாது என்று என் வீடியோவை அணைத்துவிடுவேன். அத்தை வற்றல் காயப்போட வரும்போதெல்லாம் "இன்னும் முடியலையா?" என்று கேட்பார்கள்.

முதல் வகுப்பில் மேடம் கேமராவைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். "வீட்டுல முட்டை இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கடையில் ஒரு முட்டை வாங்கி வந்தேன். அதை ஜன்னல் ஓரம் ஒரு டம்ளர் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு அதே முட்டையை வெளியே மதிய வெயிலில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நண்பர்களே, நீங்களும் இன்றைக்கே செய்து பாருங்கள். ஜன்னல் ஓரத்தில் முட்டையின் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். ஆனால் வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. மெதுவாக, மெதுவாக மங்கிக்கொண்டே போகும். அதனால்தான் முட்டை உருண்டையாகத் தெரிகிறது. வெயிலில் வைத்தால் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு. அந்தப் பக்கம் சுண்ணாம்பு வெள்ளை, இந்தப் பக்கம் இருட்டு. முட்டைக்குப் பதில் முகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மதியம் சூரியன் உச்சியில் இருக்கும்போது புருவத்துக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, தாடைக்குக் கீழே எல்லாம் இருட்டுக் குழிதான். எங்கள் குரூப் போட்டோவில் கண் காணாமல் போன காரணத்தில் பாதி இது.

ஏன் இப்படி? ஒளி வரும் இடம் நமக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு நிழல் மென்மையாக இருக்கும். சூரியன் பெரியதுதானே என்று கேட்பீர்கள். அதன் விட்டம் கிட்டத்தட்ட 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வானத்தில் அரை டிகிரி அகலம்தான் தெரியும். ராத்திரி கையை நீட்டிச் சுண்டு விரலால் நிலாவை மறைத்துப் பாருங்கள், மறைந்துவிடும். சூரியனும் நம் கண்ணுக்கு அதே அளவுதான். (சூரியனை நேராகப் பார்த்து யாரும் இதைச் செய்ய வேண்டாம்.) ஆனால் எங்கள் வீட்டு ஜன்னல் மூன்றடி. அதற்கு இரண்டடி பக்கத்தில் நான் உட்கார்ந்தால் என் முகத்துக்கு அந்த ஜன்னல் சூரியனைவிட எத்தனையோ மடங்கு பெரியது. ஒளி பல திசையிலிருந்து வந்து முகத்தைச் சுற்றி அணைத்துக்கொள்ளும். மேகம் மூடினால் மொத்த வானமும் ஒரே ஜன்னல் மாதிரி ஆகிவிடும். "மோடம் போட்டிருக்கு, போட்டோ நல்லா வராது" என்று நாம் சொல்வது தப்பு. அன்றைக்குத்தான் முகம் நன்றாக வரும்.

முட்டையை அம்மா அன்று ராத்திரியே பொரித்துவிட்டார்கள்.

இரண்டாவது வகுப்பில் பழைய கதை. பிரான்ஸ் நாட்டில் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-இல் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெரிந்த கூரைகளை எடுத்ததுதான் இன்றைக்கு மிஞ்சியிருக்கும் கேமராப் படங்களில் மிகப் பழையது. அதுவும் ஜன்னல்தான் பாருங்கள்! 1839-இல் டாகேர் என்பவரின் முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது பல்பும் கிடையாது, பிளாஷும் கிடையாது. ஒரு படத்துக்கு ரொம்ப நேரம் ஆடாமல் இருக்க வேண்டும். தலை ஆடாமல் இருக்கப் பின்னால் ஓர் இரும்புக் கவை கொடுத்துப் பிடிப்பார்களாம். நம் தாத்தா காலத்துப் படங்களில் யாரும் ஏன் சிரிப்பதில்லை என்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஐரோப்பாவில் ஸ்டூடியோவுக்குக் கண்ணாடிக் கூரை வைப்பார்கள். அது வடக்குப் பார்த்து இருக்கும். அங்கே சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமாகச் சாய்ந்தே போவதால் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. காலை முதல் மாலை வரை ஒரே மாதிரி வானத்து வெளிச்சம். ஓவியர்களும் வடக்கு வெளிச்சத்தைத்தான் விரும்புவார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டிலும் வடக்கு ஜன்னல் இருக்கிறது. ஆனால் வைகாசியில் அந்த ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து நெல் மூட்டை மேல் விழும். அப்பத்தா அங்கே சாக்கைத் தொங்கவிடும். அப்படியானால் மேடம் சொன்னது தப்பா? பயந்து பயந்து மைக்கைப் போட்டுக் கேட்டேன். மேடம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்ல கேள்வி. நான் சொன்னது கடக ரேகைக்கு வடக்கே இருக்கறவங்க கணக்கு" என்றார். பிறகு நான் நம் சமூக அறிவியல் சாரிடம் கேட்டு அட்லஸில் பார்த்தேன். கடக ரேகை 23½ டிகிரி. திண்டுக்கல் பக்கம் இருக்கும் நாம் 10 டிகிரியைத் தாண்டிக் கொஞ்சம். ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒரு நாள் மதியம் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அன்று நட்டமாக நிற்கும் கம்புக்கு நிழலே விழாது. அதன் பிறகு மதியச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். ஆகஸ்ட் கடைசி வாரம்தான் மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே இறங்கும். ஆகவே சித்திரை முதல் ஆவணி தொடக்கம் வரை நம் ஊரில் நடுப்பகலில் நேர் வெயில் விழாதது தெற்கு ஜன்னல்! மற்ற மாதங்களில்தான் வடக்கு. இது எந்த வகுப்பிலும் சொல்லாத செய்தி, நானே கண்டுபிடித்தது என்று பெருமையாக எழுதிக்கொள்கிறேன். (சார் உதவி செய்தார்.)

ஜன்னல் இல்லாத வீட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். நிலைவாசல் போதும். வாசலுக்கு ஓரடி உள்ளே, வெயில் படாத இடத்தில் நின்று வெளியே பார்த்தால் போதும். மாட்டுக் கொட்டகை ஓரம், திண்ணை, மரத்து நிழல் ஓரம் எல்லாம் சரி. மரத்தடியில் மட்டும் இலைச் சந்தில் பொட்டுப் பொட்டாக வெயில் விழாத இடமாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முகத்தில் தேமல் வந்த மாதிரி இருக்கும்.

இனிமேல் எழுதப் போவதுதான் முக்கியமான பாடம். அதனால் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் தலைப்புப் போட்டிருக்கிறேன்.

கேமராவுக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது!

எங்கள் அம்மா மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கப் போகிறார்கள். விடிவதற்கு முன்னால் போய் மொட்டாகப் பறித்தால்தான் நிலக்கோட்டை மார்க்கெட்டில் விலை. ஒரு நாள் நானும் கூடப் போனேன். சூரியன் அப்போதுதான் வருகிறது. மஞ்சள் வெளிச்சம். அம்மா மடியில் மல்லிகை குவிந்து கிடந்தது. அழகாக இருக்கிறதே என்று எடுத்தேன். படத்தில் மல்லிகை சாம்பல் நிறத்தில் இருந்தது. அம்மா கை கரிக்கட்டையாக இருந்தது. நேரில் அப்படி இல்லவே இல்லை. அந்தப் படத்தை வகுப்புக் குழுவில் போட்டு "என்ன தப்பு?" என்று கேட்டேன். அடுத்த வகுப்பு முழுவதும் மேடம் அந்த ஒரே படத்தை வைத்துத்தான் நடத்தினார்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் ஒரு மீட்டர் இருக்கிறது. அதற்கு மல்லிகை தெரியாது, மனுஷி தெரியாது. தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது நினைத்துக்கொள்கிறது. விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை என்று ஒன்று போட்டோக்காரர்களிடம் இருக்கும், அந்த மாதிரி. வெள்ளை நிறைய இருந்தால், "அடேயப்பா, வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும். அதனால் வெள்ளை சாம்பல் ஆகும், பக்கத்தில் இருக்கும் கறுப்பு இன்னும் கறுப்பாகும். இப்போது புதுப் போன்களில் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சரிசெய்யும். ஆனாலும் ஏமாறும்.

வெள்ளைச் சுவர். வெள்ளைச் சட்டை யூனிபார்ம். மதிய வெயில். நடுவில் நாங்கள் மூன்று பேர். புரிகிறதா நண்பர்களே? எனக்கு அந்த மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. வீடியோ அணைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இன்னொன்றும் சொன்னார். பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி, கலர் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு மாதிரிப் படத்தை லேப்களுக்கு அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். முதலில் அந்தப் படத்துக்கு நின்ற பெண்ணின் பெயரை வைத்து அதற்கு ஷெர்லி அட்டை என்றே பெயர் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுப்புத் தோல்காரர்கள் முகம் சேற்றைப் பூசின மாதிரி வந்தது. பிலிமைத் திருத்தியபோது அதற்கு ஒரு காரணமாக இருந்தது, மரச்சாமான் விற்கிறவர்களும் சாக்லேட் விற்கிறவர்களும் தங்கள் விளம்பரத்தில் பழுப்பு நிறங்கள் வேறுபாடு தெரியாமல் வருகிறது என்று சொன்ன புகார்களாம். பல நிறப் பெண்கள் சேர்ந்து இருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. மேசை நாற்காலிக்குக் கிடைத்த கவனம் மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டபோது எனக்குக் கோபமாக வந்தது.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? போனில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். ஒரு சின்னச் சூரியன் படம் வரும். அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கொஞ்சம் மேலே இழுக்க வேண்டும். அதைவிட நல்லது, வெள்ளைச் சுவரை விட்டுவிட்டு நிழலான இடத்தைப் பின்னால் வைப்பது. ஆனால் இருட்டு ரொம்ப இருந்தால் மீட்டர் எதிர்ப்பக்கம் ஏமாந்து முகத்தை வெளுக்க வைக்கும். அப்போது கீழே இழுக்க வேண்டும். பவுடர் அப்பிக்கொண்டு வராதீர்கள். கறுத்த தோலில் வெளிச்சம் பளபளவென்று ஒரு கோடாக விழுந்து கன்னத்தையும் நெற்றியையும் எடுத்துக் காட்டும். பவுடர் போட்டால் அது போய்ச் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும்.

இப்போது எங்கள் அக்கா கதை. அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு போடாத, மத்தபடி எழுதிக்கோ" என்று சொன்னது.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அதற்காக டவுனில் ஒரு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் வெளுக்க வைத்துக் கொடுத்தார்கள். உதடு ரோஸ் கலர். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். தரகர் அதைத்தான் கொண்டுபோனார். போன மாசியில் ஒரு வீட்டிலிருந்து வந்தார்கள். அக்கா காப்பித் தட்டோடு வந்து நின்றதும் அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "போட்டோல வேற மாதிரில்ல இருந்துச்சு" என்று சொன்னது சமையல்கட்டு வரை கேட்டது. காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு போன் வரவில்லை. அக்கா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. மில்லுக்குப் போகும், வரும், படுத்துவிடும்.

வகுப்பு ஆரம்பித்த புதிதில் நான் ஒரு தப்புச் செய்தேன். ஒரு சாயங்காலம் அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் நிழலுக்குள்ளே ஒரு சின்ன முக்கோணமாக வெளிச்சம். நெதர்லாந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) வரைந்த முகங்களில் இப்படி இருக்கும் என்று வகுப்பில் காட்டியிருந்தார்கள். நான் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். அக்காவிடம் காட்டினேன். "அழிடி" என்றது. "நல்லா வந்திருக்குக்கா" என்றேன். "நான் அழுவறது உனக்கு நல்லா இருக்கா?" என்றது. அழித்துவிட்டேன்.

அது நடந்து இரண்டு வாரம் கழித்து ஆறாவது வகுப்பில் மேடம் இரண்டு படம் காட்டினார். ஒன்று, 1936-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் டொரோதியா லாங்கே எடுத்தது. கூடாரத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் 32 வயது கூலிக்கார அம்மா. உலகம் முழுவதும் அந்த முகம் தெரியும். ஆனால் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அவர் பெயர் 1978 வரை உலகத்துக்குத் தெரியாது. தன் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. இன்னொன்று, 1984-இல் பாகிஸ்தானில் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமி. அடுத்த வருஷம் நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் வந்தது. ஷர்பத் குலா என்ற அந்தப் பெண்ணை 2002-இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதுவரை அவர் தன் படத்தையே பார்த்ததில்லை. இரண்டும் வானத்து வெளிச்சத்தில் எடுத்தவைதான், வெளிச்சத்தில் குறை சொல்ல முடியாது. "ஆனா அவங்களைக் கேட்டாங்களா?" என்று மேடம் கேட்டார். எனக்கு அக்கா முகம் ஞாபகம் வந்தது. கீழே இறங்கி வந்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அதுவே வந்து, "என்னை ஒரு போட்டோ எடுக்கிறியா? வெள்ளையாக்காம" என்று கேட்டது.

ஞாயிறு காலை ஏழரை மணி. முதலில் வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் எடுத்தேன். அக்கா கன்னத்தில் பச்சை அடித்தது. ஏன் என்று பார்த்தால் எங்கள் சுவர் பச்சை டிஸ்டம்பர்! சுவரில் பட்ட வெளிச்சம் பச்சையாகத் திரும்பி வந்து முகத்தில் விழுகிறது. டியூப்லைட் வேறு எரிந்துகொண்டிருந்தது. வானத்து வெளிச்சம் ஒரு நிறம், டியூப்லைட் ஒரு நிறம், இரண்டும் கலந்தால் போனுக்குக் குழம்பிவிடும். அதை அணைத்தேன். பிறகு திண்ணைப் பக்கம் வந்தோம். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. காலையில் வெயில் விழாது, எதிரே வானம் திறந்து கிடக்கும். அக்காவை நிலைவாசலுக்கு ஓரடி உள்ளே உட்கார வைத்தேன். பின்னால் வீட்டுக்குள் இருட்டு. ஆகவே சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தேன். ஒரு பக்கக் கன்னம் ரொம்ப நிழலாக இருந்தது. தம்பியைக் கூப்பிட்டு அப்பாவின் வெள்ளை வேட்டியை மடித்து அந்தப் பக்கம் பிடிக்கச் சொன்னேன். வேட்டியைப் பக்கத்தில் கொண்டுவரக் கொண்டுவர நிழல் கரைந்தது. தம்பிக்குக் கை வலித்து இறக்கினால் மறுபடி நிழல் வந்தது. அவன் அதையே விளையாட்டாக ஏற்றி இறக்க ஆரம்பித்துவிட்டான். அக்கா சிரித்தது.

போனை மூஞ்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. கிட்டே போனால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் வரும். ஏனென்றால் அப்போது கேமராவுக்கு மூக்கு இருக்கும் தூரமும் காது இருக்கும் தூரமும் ரொம்ப வித்தியாசப்படும். ஆறடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்தேன். உட்கார்ந்திருப்பவர் கண் மட்டத்துக்குப் போன் இருக்க வேண்டும் என்பதால் நானும் ஓர் அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தேன். கண்ணுக்குள் வாசல் ஒரு சின்ன வெள்ளைக் கட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் கண் செத்த மாதிரி இருக்கும். கடைசியாக ஒன்று. நிறையப் போன்களில் பியூட்டி என்று ஒரு வசதி இருக்கிறது. நம்மைக் கேட்காமலே வெளுக்க வைக்கும், தோலை மைதா மாவு மாதிரி வழவழப்பாக்கும். அம்மா போனில் அது இத்தனை நாளும் போட்டே இருந்திருக்கிறது! அதை அணைத்தேன். அக்காவின் கன்னத்து மச்சம் திரும்பி வந்தது.

மொத்தம் 43 படம். 20-இல் கண் மூடியிருந்தது, 9-இல் தம்பி விரல் வந்துவிட்டது, லென்ஸில் எண்ணெய்க் கை பட்டு ஐந்தாறு மங்கல். (எடுக்கும் முன் பருத்தித் துணியால் துடையுங்கள்.) மீதியில் இரண்டு தேறியது. ஒன்றில் அக்கா சிரிக்கவில்லை, நேராகப் பார்க்கிறது. அதையே அக்கா எடுத்துக்கொண்டது.

டவுனில் பிரிண்ட் போடப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் "கொஞ்சம் கலர் ஏத்தட்டுமா?" என்று கேட்டார். அக்கா "வேணாம்ணே, அப்படியே போடுங்க" என்றது. அவர் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "எந்த லைட்டு போட்டு எடுத்தீங்க?" என்று கேட்டார். நான் "வாசல்" என்றேன். நம்பவில்லை.

வீட்டில் அப்பா படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா தரகர்கிட்ட இதையா குடுக்கறது?" என்றார். அக்கா, "இதான்ப்பா நானு. பாத்துட்டு வர்றவங்க வரட்டும்" என்றது. அம்மா குறுக்கே எதுவும் பேசவில்லை. அப்பத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அந்த ரோஸ் ஒதட்டுக்காரி யாருன்னே எனக்குத் தெரியல. இவ நம்ம புள்ள" என்றது. மேடம் சொன்ன எல்லாப் பாடத்தையும்விட அப்பத்தா படத்தைச் சாய்த்து வெளிச்சம் தேடியது எனக்குப் பிடித்தது.

இதே அப்பத்தாதான் முதலில் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி போட்டா வேல?" என்று கேட்டது. அப்போது நான் ஹோமாய் வியாரவாலா பற்றிச் சொன்னேன். 1913-இல் குஜராத்தில் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். சேலை கட்டிக்கொண்டே நேரு, காந்தி எல்லோரையும் எடுத்திருக்கிறார். டால்டா 13 என்று புனைபெயர் வைத்திருந்தார். 2011-இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள், அடுத்த ஆண்டு இறந்துவிட்டார். அப்பத்தா எல்லாம் கேட்டுவிட்டு "டால்டாவா?" என்று மட்டும் கேட்டது.

தரகர் புதுப் படத்தை வாங்கிக்கொண்டு போய் மூன்று வாரம் ஆகிறது. இன்னும் யாரும் வரவில்லை. அக்கா மில் அடையாள அட்டைக்கும் அதையே கொடுத்துவிட்டது.

சார்ட்டில் இடம் முடிகிறது. கடைசியாக ஓர் அறிவிப்பு. இந்த வருஷக் குரூப் போட்டோவை நான் எடுக்கலாமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். சம்மதித்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை காலை 8.30 மணி. காம்பவுண்டு சுவர் முன்னால் இல்லை. சத்துணவுக் கூடத்துக்கு மேற்கே, கட்டட நிழலில், வேப்பமரத்தைப் பின்னால் வைத்து நிற்கப் போகிறோம். படத்தில் வர விருப்பமில்லாதவர்கள் முன்பே சொல்லிவிடலாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டோம். வீட்டில் வெள்ளை வேட்டி இருப்பவர்கள் இரண்டு பேர் கொண்டுவரவும், துவைத்துத் திருப்பித் தருகிறேன். பவுடர் வேண்டாம். போன வருஷம் கடைசி வரிசையில் நின்ற மூன்று பேரும் இந்த முறை நடு வரிசை, நான் மட்டும் டைமர் போட்டுவிட்டு ஓடி வந்து நிற்பேன், எனக்கு இடம் விட்டு வைக்கவும். மோடம் போட்டிருந்தால் யாரும் வராமல் இருந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி